வரைகலை அட்டையும் திரைக் குறுக்கீடும்: ஒரு வரலாறு

கணினித் திரையில் தேவையற்ற புள்ளிகள், கோடுகள், சிதறிய எழுத்துகள், படநடுக்கம், நிறமாற்றம் முதலியன தோன்றுவதைத் திரைக் குறுக்கீடு என்பர். திரை, இணைப்புக் கம்பி, இயக்கி மென்பொருள், வரைகலை அட்டை ஆகிய நான்கில் எதுவும் இதற்குக் காரணமாகலாம். நான்கின் அறிகுறிகளும் ஒன்றுபோலத் தோன்றுவதால், நல்ல திரையை மாற்றிவிட்டுப் பழுதான அட்டையை அப்படியே வைத்திருப்பது இன்றும் நிகழ்கிறது. 1981 முதல் இன்றுவரை வரைகலை அட்டையின் ஒவ்வொரு தலைமுறையும் தனக்கே உரிய ஒரு கோளாறைக் கொண்டுவந்தது. அந்தக் கோளாற்றைக் கண்டறியும் முறையும் அதனோடு பிறந்தது. ஆங்கிலம் அல்லாத மொழியினருக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அவர்களுடைய எழுத்துக்கு அட்டையில் இடமே இல்லாதிருந்தது அது.

வரைகலை அட்டையின் பணி

திரையில் காட்டவேண்டிய படம் முதலில் நினைவகத்தின் ஒரு பகுதியில் எண்களாக எழுதப்படுகிறது. வரைகலை அட்டை அந்த எண்களை நொடிக்கு 50, 60 அல்லது அதற்கு மேற்பட்ட முறை வரிசையாகப் படித்து, மின்குறிகையாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. ஆகவே படநினைவகத்தை இருவர் பயன்படுத்துகின்றனர். மையச் செயலி அதில் எழுதுகிறது. காட்சிச் சுற்று அதிலிருந்து படிக்கிறது. எழுதுவதும் படிப்பதும் மோதினால் ஒரு வகைக் கோளாறு தோன்றும். படித்தது திரைக்குப் போகும் வழியில் கெட்டால் இன்னொரு வகை தோன்றும். எழுதச் சொல்லும் மென்பொருள் தவறினால் வேறொரு வகை தோன்றும். திரைக் குறுக்கீட்டின் வரலாறு பெரும்பாலும் இந்த மூன்றின் வரலாறே.

1981: இரண்டு அட்டைகள்

ஐ.பி.எம். நிறுவனம் 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று தன் தனியாள் கணினியை அறிவித்தது. அதற்கு இரண்டு காட்சி அட்டைகள் கிடைத்தன. எம்.டி.ஏ. என்ற ஒற்றை நிற அட்டை எழுத்துகளை மட்டும் காட்டும், படம் வரையாது. அதன் நினைவகம் 4 கிலோபைட். சி.ஜி.ஏ. என்ற வண்ண அட்டைக்கு 16 கிலோபைட் நினைவகம் இருந்தது. அது 320க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறங்களையும், 640க்கு 200 புள்ளிகளில் இரண்டு நிறங்களையும் காட்டியது.

இரண்டு அட்டைகளுக்கும் ஒரே வடிவிலான ஒன்பது ஊசி இணைப்பியே இருந்தது. ஆனால் கிடைமட்ட அதிர்வெண் வேறு: எம்.டி.ஏ.வில் ஏறத்தாழ 18.4 கிலோஹெர்ட்ஸ், சி.ஜி.ஏ.வில் ஏறத்தாழ 15.7 கிலோஹெர்ட்ஸ். ஒன்றன் திரையை மற்றொன்றில் செருகினால் படம் உருண்டு சிதறும். ஒற்றை நிறத் திரை பழுதாகவும் வாய்ப்பு இருந்தது. இணைப்பி பொருந்துவதாலேயே திரையும் பொருந்தும் எனக் கருதக்கூடாது என்பது அக்காலப் பழுதுபார்ப்போர் கற்ற முதல் பாடம்.

சி.ஜி.ஏ. பனிப்பொழிவு

வரைகலை அட்டையால் நேர்ந்த குறுக்கீடுகளுள் புகழ்பெற்றது சி.ஜி.ஏ.வின் 'பனிப்பொழிவு'. ஒரு வரிக்கு 80 எழுத்துகள் காட்டும் முறையில், நிரல் திரையில் எழுதும்போதெல்லாம் வெண்புள்ளிகள் பனித்துகள்போலத் திரை முழுதும் சிதறின.

இதற்குக் காரணம் எந்தப் பாகமும் கெட்டுப்போனதன்று. அட்டையின் வடிவமைப்பே காரணம். அதன் நினைவகத்துக்கு ஒரே ஒரு வாயில்தான் இருந்தது. 80 எழுத்து முறையில் காட்சிச் சுற்று இடைவிடாமல் படித்துக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் செயலி குறுக்கிட்டு எழுதினால் செயலிக்கே முன்னுரிமை. காட்சிச் சுற்றுக்கு அக்கணம் கிடைப்பது தொடர்பற்ற ஏதோ ஒரு மதிப்பு. அது திரையில் புள்ளியாகத் தெறிக்கும். 40 எழுத்து முறையிலும் படமுறையிலும் படிப்பின் வேகம் குறைவு. ஆதலால் அங்கே பனி விழவில்லை.

வன்பொருளின் குறையை மென்பொருள் தீர்த்தது. படக்குழாயின் மின்னணுக் கற்றை ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குத் திரும்பும்போதும், அடிவரை சென்று மேலே திரும்பும்போதும், சிறிது நேரம் எதுவும் காட்டப்படுவதில்லை. நிரலர்கள் அட்டையின் நிலைப் பதிவேட்டைப் படித்து, அந்த இடைவேளைக்காகக் காத்திருந்து எழுதினர். பனி மறைந்தது, வேகம் குறைந்தது. எல்லாச் சி.ஜி.ஏ. வகை அட்டைகளுக்கும் இக்குறை இல்லாததால், காத்திருக்கலாமா வேண்டாமா என்பதைப் பயனரே தேர்வுசெய்ய நிரல்கள் இடமளித்தன. டர்போ பாஸ்கல் மொழியின் திரை நூலகத்தில் இதற்கென்றே 'செக்ஸ்னோ' என்ற மாறி இருந்தது.

ஒக்கூரும் எட்டுக்கு எட்டுக் கட்டமும்

சி.ஜி.ஏ.வில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் அகலத்தில் எட்டு, உயரத்தில் எட்டு, ஆக 64 புள்ளிகள். ஆங்கில எழுத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது என்பதை ஓர் ஊர்ப்பெயரைக் கொண்டே காணலாம். சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர், சங்கப் புலவர் மாசாத்தியாரின் ஊராகப் போற்றப்படுவது. 'ஒக்கூர்' என்ற சொல்லில் நான்கு எழுத்துகள். க், ர் ஆகியவற்றின் தலையில் புள்ளி வேண்டும். புள்ளிக்கு ஒரு வரிசை, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரிசை ஒதுக்கினால் எழுத்தின் உடலுக்கு ஆறு வரிசையே மிஞ்சும். அதற்குள் ரகரத்தின் கீழிறங்கும் காலும் அடங்கவேண்டும். கூ என்ற எழுத்தோ எட்டுப் புள்ளி அகலத்தில் நெருக்குண்டு உருக்குலையும்.

வடிவம் மட்டுமன்று, எண்ணிக்கையும் தடையாயிற்று. அட்டையின் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய 128 இடங்களின் ஒரு பகுதியில் அட்டவணை வரையும் கோட்டுத் துண்டுகள் இருந்தன. தமிழின் 247 எழுத்துகளுள் பல, கொம்பு, கால் முதலிய துணைக்குறிகளைத் தனியே வைத்து எழுதத்தக்கவை. ஆதலால் அத்தனைக்கும் தனி இடம் தேவையில்லை. ஆயினும் உகர ஊகார வரிசைக்குத் தனித்தனி வடிவங்கள் வேண்டும். கோட்டுத் துண்டுகளின் இடத்தில் தமிழை வைத்தால், ஆங்கில மென்பொருளின் அட்டவணைக் கோடுகள் தமிழ் எழுத்துகளாகத் திரையில் நிரம்பும். பார்ப்பவருக்கு அது அட்டைப் பழுதாகவே தோன்றும்.

1984இல் வந்த இ.ஜி.ஏ.வும் 1987இல் வந்த வி.ஜி.ஏ.வும் எழுத்துருவை மென்பொருள்வழி மாற்றிக்கொள்ள இடமளித்தன. வி.ஜி.ஏ.வின் கட்டம் 9க்கு 16 ஆக வளர்ந்தது. அதிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருந்தது. எழுத்துருவில் எட்டுப் புள்ளி அகலமே எழுதமுடியும். ஒன்பதாவது புள்ளி பொதுவாக வெற்றிடம். கோட்டுத் துண்டுகள் சிலவற்றுக்கு மட்டும் எட்டாவது புள்ளி ஒன்பதாவதிலும் நீட்டப்படும். ஆகவே அகன்ற ஓர் எழுத்தை இரண்டு கட்டங்களில் பிரித்து எழுதினால் நடுவே ஒரு மெல்லிய பிளவு தெரியும். கோடு அறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு பிற மொழி எழுத்தை அறுத்தது.

ஹெர்குலிஸ் அட்டை

இதே இடர்ப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தாய்லாந்து மொழியில் ஆய்வேடு எழுத விரும்பிய வான் சுவன்னுகுல் என்பவருக்கு எம்.டி.ஏ.வின் மாறா எழுத்துருவும் சி.ஜி.ஏ.வின் சிறு கட்டமும் உதவவில்லை. அவர் உருவாக்கிய ஹெர்குலிஸ் அட்டை 1982இல் வெளிவந்தது. ஒற்றை நிறத் திரையிலேயே 720க்கு 348 புள்ளிகளில் படம் வரைந்தது அது. படமுறை கிடைத்துவிட்டால் எந்த எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரையலாம். ஓர் ஆசிய மொழியின் தேவையிலிருந்து பிறந்த அட்டை உலகெங்கும் பரவிய ஒரு தரமாயிற்று.

இந்த அட்டையும் ஒரு குறுக்கீட்டுக்கு இடமளித்தது. எம்.டி.ஏ., சி.ஜி.ஏ. ஆகியவற்றின் நினைவக முகவரிகள் வெவ்வேறானவை என்பதால் இரண்டையும் ஒரே கணினியில் வைக்க முடிந்தது. ஹெர்குலிஸின் 64 கிலோபைட் நினைவகம் இரண்டு முகவரிப் பகுதிகளையும் ஆக்கிரமிக்கவல்லது. அருகில் சி.ஜி.ஏ. இருந்தால் இரண்டும் மோதும். ஆகவே பாதி நினைவகத்தை மட்டும் பயன்படுத்தும் முறையும் முழு நினைவகத்தையும் பயன்படுத்தும் முறையும் தரப்பட்டன. இரண்டாம் அட்டையைச் செருகியதும் திரை கெட்டால் முகவரி மோதலை ஐயுற வேண்டும் என்பது அன்றைய விதி.

தமிழ் மென்பொருள்களும் ஜிஸ்ட் அட்டையும்

1980களில் தமிழைத் திரையில் கொணர இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று மென்பொருள் வழி. கனடாவில் கு. சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு ஆகியவை அக்காலத்துத் தொடக்க முயற்சிகள்.

மற்றொன்று வன்பொருள் வழி. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து ஜிஸ்ட் அட்டை உருவாயிற்று. 1988இல் புனேயில் சி-டாக் நிறுவனம் அமைந்தபின் அப்பணி அங்கே தொடர்ந்தது. கணினியின் செருகுவாயில் இந்த அட்டையைப் பொருத்தினால், ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட டாஸ் மென்பொருள்களிலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைத் தட்டச்சிட்டுத் திரையில் காணலாம். பின்னணியில் இருந்த இஸ்கி என்ற எட்டுப் பிட் குறியாக்கம் 1991இல் இந்தியத் தரமாக வெளியாயிற்று.

வரைகலை அட்டையின் எல்லையை மீற இன்னோர் அட்டை தேவைப்பட்ட காலம் அது. செயலியின் வேகமும் நினைவகமும் வளர, எழுத்தை வரையும் வேலை இயங்குதளத்துக்கு மாறியது. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியைக் காட்டும் திறனோடும் லதா எழுத்துருவோடும் வந்தது. ஒருங்குறியில் 'ஒக்கூர்' ஏழு குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது: ஒ ஒன்று; க், கூ, ர் ஒவ்வொன்றும் இரண்டு. அவற்றைச் சேர்த்து வடிவமாக்குவது மென்பொருளின் வேலை. வரைகலை அட்டைக்கு அது தமிழா ஆங்கிலமா என்பது தெரியவேண்டியதில்லை.

இதனால் ஒரு பயனுள்ள வேறுபாடு கிடைக்கிறது. தமிழ் மட்டும் கட்டங்களாகவோ, பொருளற்ற குறிகளாகவோ, துணைக்குறி இடம் மாறியோ தெரிந்து, மற்றவை சரியாக இருந்தால் பழுது எழுத்துருவிலோ குறியாக்கத்திலோ உள்ளது, அட்டையில் அன்று.

வி.ஜி.ஏ. காலம்: கம்பியில் நுழைந்த குறுக்கீடு

வி.ஜி.ஏ. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தொடர்மின்னழுத்தமாக அனுப்பியது. நிறங்கள் பெருகின, கூடவே கம்பியின் குறைகளும் திரையில் தெரியலாயின. தரமற்ற நீண்ட கம்பியில் குறிகை எதிரொலித்து, எழுத்தின் வலப்புறம் நிழலெழுத்து தோன்றும். ஓர் ஊசி வளைந்தால் ஒரு நிறம் விடுபடும். நீலம் விடுபட்டால் வெண்மை மஞ்சளாகும். பச்சை விடுபட்டால் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும். சிவப்பு விடுபட்டால் நீலப்பச்சையாகும். திரை முழுதும் ஒரே சாயல் படிந்தால் முதலில் கம்பியைப் பார்ப்பது இதனால்தான்.

படக்குழாய்த் திரைகளுக்கு இந்தியாவில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இங்கு மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ். திரையின் புதுப்பிப்பு 60 ஹெர்ட்ஸ் என்றால், அருகிலிருக்கும் மின்னழுத்த நிலைப்படுத்தி, மின்மாற்றி ஆகியவற்றின் காந்தப்புலம் படத்தை நொடிக்குப் பத்து முறை அசைக்கும். புதிய அட்டை வாங்கினாலும் அந்நடுக்கம் தீராது. ஸ்டெபிலைசரை இரண்டு அடி தள்ளி வைத்தால் தீரும்.

1999இல் டி.வி.ஐ., 2002இல் எச்.டி.எம்.ஐ., 2006இல் டிஸ்பிளேபோர்ட் என எண்முறை இணைப்புகள் வந்தபின் நிழலும் சாயலும் மறைந்தன. எண்முறைக் கம்பி பழுதானால் மின்மினிபோலப் புள்ளிகள் சிதறும், அல்லது படம் நொடிப்பொழுது அணைந்து எரியும்.

இயக்கி மென்பொருள்

1990களில் வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனி இயக்கி மென்பொருள் தேவையாயிற்று. இயக்கி தவறினால் சன்னல்கள் தடம் விட்டு நகரும், வண்ணங்கள் குழம்பும், கணினி உறையும். விண்டோஸ் 95இன் பாதுகாப்பு முறை இதைப் பிரித்தறிய எளிய கருவியாயிற்று. அம்முறையில் நிறுவனத்தின் இயக்கி ஏற்றப்படாமல், பொதுவான 640க்கு 480 புள்ளி இயக்கியே இயங்கும். அங்கே கோளாறு மறைந்தால் இயக்கியை ஐயுறலாம்; மறையாவிட்டால் வன்பொருளை ஐயுறலாம்.

2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இயக்கி தானே மீளும் ஏற்பாடு சேர்ந்தது. வரைகலைச் செயலி இரண்டு நொடிக்குள் பதிலளிக்காவிட்டால் இயங்குதளம் அதை மீளத் தொடங்கச் செய்யும். திரை கருத்து மீண்டும் ஒளிர்வது அதன் அடையாளம். இந்த ஏற்பாடு கோளாற்றைத் தீர்ப்பதில்லை. கணினி முழுதும் உறைவதைத் தவிர்க்கிறது. அடிக்கடி நிகழ்ந்தால் வெப்பம், மின்வழங்கி, இயக்கி ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும்.

வெப்பமும் பற்றாசும்

1999இல் ஜீஃபோர்ஸ் 256 வெளியானபோது வரைகலைச் செயலி என்ற பெயர் பரவியது. அட்டையே ஒரு கணினி போலாயிற்று. மின்செலவும் வெப்பமும் ஏறின. 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்தேக்கிகள் உப்பிக் கசிந்து, தாய்ப்பலகைகளும் அட்டைகளும் பழுதாயின. உச்சி தட்டையாக இருக்கவேண்டிய மின்தேக்கி மேடாகியிருந்தால் கண்ணாலேயே பழுதை அறியலாம்.

பற்றாசின் பழுது அவ்வாறு கண்ணுக்குத் தெரிவதன்று. வரைகலைச் சில்லு சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்குகிறது. சிலிக்கனும் அதைத் தாங்கும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. நடுவிலுள்ள நுண்பற்றாசுகள் ஒவ்வொரு முறையும் இழுபட்டு நாளடைவில் வெடிக்கின்றன. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் முந்தைய தலைமுறைச் சில்லுகள் சிலவற்றின் பொதிவுப் பொருள் வலுவற்றது என அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. மடிக்கணினிகளில் செங்குத்துக் கோடுகளும் வெறுமைத் திரையும் அதன் அறிகுறிகள். சில்லைச் சூடேற்றினால் சில நாள் வேலை செய்யும் என்ற கைமுறை அப்போது பரவியது. வெடிப்பு தற்காலிகமாகத் தொட்டுக்கொள்வதே அங்கு நிகழ்வது. நிலையான தீர்வு அன்று.

செருகுவாயின் தொடுமுனைகளும் கவனத்துக்குரியவை. அட்டையின் விளிம்பில் பொன்முலாம் பூசுவது அரிமானத்தைத் தடுக்கவே. முலாம் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ தொடர்பு விட்டுவிட்டு வரும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மைய மின்வேதியியல் ஆய்வகம் ஆராயும் துறைகளுள் அரிமானமும் மின்முலாமும் அடங்கும். திரையில் மின்னும் ஒரு கோட்டுக்கும் மின்வேதியியலுக்கும் இத்தகைய தொடர்பு உண்டு.

தனி அட்டை இல்லாத கணினிகள்

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வரைகலைப் பகுதி மையச் செயலியினுள்ளேயே அமைந்துள்ளது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே பல சிற்றூர் மாணவர்களுக்குக் கிடைத்த முதல் கணினி மடிக்கணினியே. ஒருங்கிணைந்த வரைகலைப் பகுதி பொது நினைவகத்தையே படநினைவகமாகவும் பயன்படுத்துகிறது. ஆதலால் நினைவகச் சட்டம் தளர்ந்தாலும் திரையில் கோடுகள் தோன்றக்கூடும். கழற்றி மாற்ற அட்டை இல்லாததால், பழுதைத் தவறாகக் கணித்தால் தாய்ப்பலகையையே மாற்றும் செலவு நேரிடும்.

பழுதறியும் வரிசை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து திரண்ட சோதனைகளைச் செலவற்றதிலிருந்து செலவுள்ளதை நோக்கி இவ்வாறு வரிசைப்படுத்தலாம்:

1. திரையின் பட்டியல் பொத்தானை அழுத்திப் பார்த்தல். அப்பட்டியலைத் திரையே வரைகிறது. அதுவும் சிதைந்து தெரிந்தால் பழுது திரையில்.
2. திரைப்பிடிப்பு எடுத்து வேறு கருவியில் பார்த்தல். கோளாறு படத்திலும் இருந்தால் அது அட்டையிலோ இயக்கியிலோ உருவானது. இல்லாவிட்டால் கம்பியும் திரையும் ஐயத்துக்குரியன.
3. கம்பியையும் துளையையும் மாற்றிப் பார்த்தல்.
4. கணினி தொடங்கும்போது, இயங்குதளம் ஏறும் முன் பார்த்தல். அங்கேயே கோடுகள் தெரிந்தால் விண்டோஸ் இயக்கி காரணமன்று.
5. பாதுகாப்பு முறையிலோ, விரலியிலிருந்து இயங்கும் லினக்சிலோ தொடங்கிப் பார்த்தல்.
6. வெப்பநிலையைக் கண்காணித்தல், தூசியை நீக்குதல். சூடேறியபின் மட்டும் கோளாறு தோன்றினால் குளிர்விப்பு குறை.
7. மின்சாரத்தைத் துண்டித்தபின் அட்டையைக் கழற்றி, தொடுமுனையைத் துடைத்து, மீளச் செருகுதல்.
8. அட்டையை வேறு கணினியில் பொருத்திப் பார்த்தல். கோளாறு அட்டையோடு சென்றால் முடிவு உறுதி.

ஒழுங்கான இடைவெளியில் அமைந்த கோடுகளும் சதுரங்களும் பெரும்பாலும் படநினைவகப் பழுதைக் காட்டும். விளையாட்டிலோ காணொளியிலோ மட்டும் படம் குறுக்கே வெட்டுண்டு நகர்வது பழுதன்று. திரை பாதி படித்திருக்கும்போது அட்டை அடுத்த படத்துக்கு மாறுவதால் அது நேர்கிறது. செங்குத்து ஒத்திசைவை இயக்கினால் அட்டை இடைவேளைக்குக் காத்திருந்து படத்தை மாற்றும், வெட்டு மறையும். சி.ஜி.ஏ. பனிப்பொழிவைத் தீர்க்க நிரலர்கள் கையாண்டதும் இதே காத்திருப்புதான். நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும், எழுதுவோரும் படிப்போரும் ஒரே நினைவகத்தைப் பகிரும் சிக்கல் மாறவில்லை, தீர்வும் மாறவில்லை.